23-22: ஒரே ஆட்டத்தில் 45 ரன் எப்படி வந்தது?

பேஸ்பால் பார்த்துப் பழகாதவர்களுக்கு 23-22 என்ற ஸ்கோர் பெரிதாக எதையும் சொல்லாது. கிரிக்கெட்டில் மூன்று நான்கு ஓவரில் வந்துவிடும் ரன்தானே என்று தோன்றும். ஆனால் அமெரிக்காவில் பேஸ்பாலை விடாமல் பின்தொடர்கிறவர்களிடம் "1979 மே 17, சிகாகோ" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், ஆட்டத்தை இன்னிங்ஸ் இன்னிங்ஸாக ஒப்பிப்பார்கள். அன்றைக்கு ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணி 23 ரன், சிகாகோ கப்ஸ் அணி 22 ரன். அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் 1900-க்குப் பிறகு ஒரே ஆட்டத்தில் இதைவிட அதிக ரன் வந்தது ஒரு முறைதான். அதுவும் 1922-இல், இதே மைதானத்தில், இதே இரண்டு அணிகளுக்கு இடையில்.

பழைய ஆட்டங்களின் பட்டியலில் இந்த ஸ்கோரைப் பார்க்கிறவர்கள் வழக்கமாக இரண்டு முடிவுக்கு வருவார்கள். ஒன்று, அன்றைக்கு பேட்டர்கள் அசுரத்தனமாக ஆடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பந்து வீசியவர்கள் படுமோசமாக இருந்திருக்க வேண்டும். இரண்டுமே பாதி உண்மைதான். ரன் எப்படிப் பெருகுகிறது, காற்று என்ன செய்கிறது, பந்து வீசுகிறவர்கள் எப்படித் தீர்ந்துபோகிறார்கள், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் 45 புரியும்.

முதலில் அடிப்படை

1. ஒரு ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ், அதற்குள் முடிவு வராவிட்டால் கூடுதல் இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணியும் ஒரு முறை பேட் செய்யும், வெளியூரிலிருந்து வந்த அணி முதல் பாதியில், சொந்த மைதான அணி இரண்டாம் பாதியில்.

2. பேட் செய்யும் அணிக்கு மூன்று அவுட் விழும்வரை அந்தப் பாதி முடியாது. ஓவர் கணக்கு, பந்துக் கணக்கு, நேரக் கணக்கு எதுவும் கிடையாது. இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

3. மைதானத்தில் முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ் என்று மூன்று நிறுத்தங்கள், அப்புறம் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட். மூன்று பேஸையும் தொட்டு ஹோமுக்குத் திரும்பினால்தான் ஒரு ரன். பந்தை நன்றாக அடித்துவிட்டு இரண்டாம் பேஸில் நிற்கிறீர்கள், அதற்குள் மூன்றாவது அவுட் விழுந்துவிட்டது என்றால் ரன் இல்லை. அடுத்த இன்னிங்ஸில் மறுபடி வெறும் பேஸிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

4. அடித்து பேஸை அடைந்தால் ஹிட். பந்து வீசுகிறவர், அதாவது பிட்சர், சரியான எல்லைக்கு வெளியே நான்கு பந்து போட்டுவிட்டால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம், அது வாக்.

5. பந்து எல்லைச் சுவரைத் தாண்டிப் போனால் ஹோம் ரன், சுருக்கமாக ஹோமர். அடித்தவரும் பேஸில் நிற்கிற எல்லாரும் ஹோமுக்கு வந்துவிடுவார்கள். மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது அடித்தால் ஒரே அடியில் 4 ரன், அதற்கு கிராண்ட் ஸ்லாம் என்று பெயர்.

6. பிட்சரை மாற்றலாம். ஆனால் ஆட்டத்தைவிட்டு வெளியே போனவர் அன்றைக்குத் திரும்பி வர முடியாது. கிரிக்கெட்டில் அடிவாங்கிய பௌலரைக் கொஞ்ச நேரம் ஓரங்கட்டிவிட்டுப் பிறகு கூப்பிடுவதுபோல இங்கே செய்ய வழியில்லை.

மேஜர் லீக்கில் நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்று இரண்டு பகுதி. 1979-இல் இந்த இரு அணிகளும் ஆடிய நேஷனல் லீக்கில் ஒரு அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக எடுத்தது 4 ரன்னுக்குச் சற்று மேல். இரு அணியும் சேர்ந்து எட்டோ ஒன்பதோ வரும். 45 என்பது அதைப்போல ஐந்து மடங்கு.

ரன் ஏன் கூட்டல்போல வளர்வதில்லை

பேஸ்பால் ஸ்கோரைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு பேட்டர் எப்படியாவது பேஸை அடையும் வாய்ப்பு மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நல்ல அணிகளுக்கு ஏறக்குறைய இந்த அளவுதான் இருக்கும். மூன்று அவுட் விழுவதற்குள் சராசரியாக ஒன்றரைப் பேர் பேஸை அடைவார்கள். ஒன்றரைப் பேர் நிற்க மூன்று பேஸில் தாராளமாக இடம் இருக்கிறது. அதனால் பெரும்பாலும் அவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள், ரன் வராது.

இப்போது அந்த வாய்ப்பை இரண்டில் ஒன்றாக உயர்த்துங்கள். மூன்று அவுட்டுக்குள் சராசரி மூன்று பேர் பேஸுக்கு வருகிறார்கள். ஐந்தில் மூன்றாக உயர்த்தினால் நாலரைப் பேர். பேஸ் மூன்றுதான், நான்காவது ஆள் வந்தால் ஒருவர் ஹோமுக்கு வந்தே தீர வேண்டும் அல்லது அவுட் ஆக வேண்டும். பேஸை அடைகிறவர்கள் எண்ணிக்கை இரண்டு மடங்கு ஆகும்போது ரன் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, அதைத் தாண்டி ஏறிவிடுகிறது. பாத்திரம் நிரம்பும்வரை ஒன்றும் தெரியாது, நிரம்பிய பிறகு ஊற்றுகிற ஒவ்வொரு சொட்டும் வெளியேதான் வழியும், அந்த மாதிரி.

1979 ஆட்டத்தில் ஃபில்லீஸ் 24 ஹிட், கப்ஸ் 26 ஹிட். இரு அணிக்கும் ஆளுக்கு 30 அவுட். வாக்கையும் ஃபீல்டர்களின் பிழைகளையும் சேர்க்காமல் ஹிட்டை மட்டும் எடுத்தாலே நூற்றுக்கு 44 முதல் 46 முறை பேட்டர் ஜெயித்திருக்கிறார். பாத்திரம் முதல் இன்னிங்ஸிலேயே நிரம்பிவிட்டது.

அந்த மதியம்

மே 17, 1979, வியாழக்கிழமை. கப்ஸின் சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டில் அன்று வந்திருந்தவர்கள் 14,952 பேர். மைதானத்தில் விளக்குகள் இல்லை, ஆகவே வழக்கம்போல மதிய ஆட்டம். இன்னிங்ஸ் வாரியான ஸ்கோர் இது:

ஃபில்லீஸ்: 7 0 8 2 4 0 1 0 0 1, மொத்தம் 23
கப்ஸ்: 6 0 0 3 7 3 0 3 0 0, மொத்தம் 22

இந்த இரண்டு வரியை நிதானமாகப் படித்தாலே முக்கால்வாசிக் கதை தெரிந்துவிடும். ரிக்லியில் ஸ்கோர் பலகை 1937-இல் கட்டியது, உள்ளே ஆட்கள் உட்கார்ந்துகொண்டு எண் எழுதிய தகடுகளைக் கையால் எடுத்து மாட்டுவார்கள். அன்று முதல் இன்னிங்ஸ் முடிந்தபோதே அந்தப் பலகையில் மேலே 7, கீழே 6. பல ஆட்டங்களில் இரு அணியும் சேர்ந்து கடைசிவரை ஆடினாலும் வராத ரன் இது.

முதல் பாதியில் ஃபில்லீஸின் மைக் ஷ்மிட் ஒரு மூன்று ரன் ஹோமர், பின்னாலேயே கேட்சர் பாப் பூன் இன்னொரு மூன்று ரன் ஹோமர். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, அடுத்து பேட் பிடித்து வந்தவர் ஃபில்லீஸின் பிட்சர் ரேண்டி லெர்ச், அவரும் சுவருக்கு மேலே அனுப்பினார். பிட்சர் பேட் செய்வது அன்று நேஷனல் லீக்கில் கட்டாயம். அமெரிக்கன் லீக்கில் 1973-இலிருந்தே பிட்சருக்குப் பதிலாக அடிப்பதற்கென்று ஒரு ஆள் உண்டு, நேஷனல் லீகுக்கு அந்த ஏற்பாடு நிரந்தரமாக வந்தது 2022-இல்தான். பொதுவாக ஒன்பது பேர் வரிசையில் பலவீனமான இடம் பிட்சர் இடம், எதிரணிக்கு மூச்சு வாங்க ஒரு சந்து. அன்று அந்தச் சந்தும் அடைபட்டுவிட்டது.

லெர்ச் பந்து வீச இறங்கும் முன்பே அவருக்கு 7 ரன் முன்னிலை. ஒரு பிட்சருக்கு இதைவிட என்ன வேண்டும். ஆனால் அவர் எடுத்தது ஒரே ஒரு அவுட். டேவ் கிங்மன் மூன்று ரன் ஹோமர் அடித்தார், அடி மேல் அடி விழுந்தது, லெர்ச் வெளியே. எதிரணியின் முதல் பிட்சர் டென்னிஸ் லாம்பும் ஒரே ஒரு அவுட்டோடுதான் போயிருந்தார். ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர்கள் இருவருமே ஆளுக்கு ஒரு அவுட். லாம்புக்குப் பதில் வந்த டோனி மூர் என்ற பிட்சர், தன் முறை வந்ததும் பேட்டை எடுத்து மூன்றாம் பேஸ்வரை ஓடும் அடி ஒன்று அடித்தார்.

மூன்றாவது இன்னிங்ஸில் ஃபில்லீஸ் 8 ரன். நான்காவதில் 2, ஐந்தாவதில் 4. ஐந்தாவது இன்னிங்ஸின் பாதியில் ஸ்கோர் 21-9. பன்னிரண்டு ரன் வித்தியாசம். வேறு எந்த மைதானமாக இருந்தாலும் கூட்டம் வீட்டுக்குக் கிளம்பியிருக்கும்.

அந்த ஐந்தாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதியைத்தான் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஃபில்லீஸுக்கு வீசிக்கொண்டிருந்தவர் டக் மெக்ரா, அனுபவசாலி, நெருக்கடியான நேரத்தில் கூப்பிடுகிற ஆள். மூன்று பேஸும் நிரம்புகிறது. பேட்டில் பில் பக்னர். பக்னர் பெரிய ஹோம் ரன் ஆட்டக்காரர் அல்ல, பந்தைத் தவறவிடாமல் தொட்டு ஆடுகிறவர், பந்து பேட்டில் சிக்காமல் அவுட் ஆவது, அதாவது ஸ்ட்ரைக் அவுட், அபூர்வம். அவர் அடித்த பந்து கிராண்ட் ஸ்லாம். அப்புறம் ஜெரி மார்ட்டின் ஒரு ஹோமர். அந்தப் பாதியில் கப்ஸ் 7 ரன், 21-16. ஆறாவதில் 3 ரன், அதில் கிங்மனின் அன்றைய மூன்றாவது ஹோமரும் உண்டு, 21-19. ஏழாவதில் ஃபில்லீஸ் ஒன்று சேர்த்து 22-19. எட்டாவதில் கப்ஸ் மூன்று, 22-22.

அந்த எட்டாவது இன்னிங்ஸின் மூன்று ரன்னும் ஹோமர் இல்லாமல் வந்தவை. ஆட்டத்தையே சமன் செய்த ரன்கள், அவற்றில் ஒன்றுகூடச் சுவரைத் தாண்டிய அடியால் வரவில்லை. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், காற்றை மட்டும் காரணம் சொல்கிறவர்களுக்கு இங்கேதான் பதில் இருக்கிறது.

ஒன்பதாவதில் கப்ஸ் தங்கள் கடைசி ஆயுதத்தை இறக்கியது. புரூஸ் சட்டர், அந்த ஆண்டு நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கப்போகிறவர். அவருடைய ஸ்பிளிட்டர் பந்து நேராக வருவதுபோல வந்து பேட்டருக்கு முன்னால் சடாரென்று கீழே இறங்கும். அப்படி இறங்கும் பந்தை அடித்தாலும் பெரும்பாலும் தரையில்தான் உருளும், தரையில் உருளும் பந்தைக் காற்று ஒன்றும் செய்ய முடியாது. சரியான தேர்வு. ஒன்பதாவதில் ரன் இல்லை. பத்தாவதில் ஷ்மிட் சட்டரை ஹோமர் அடித்தார், 23-22. ஃபில்லீஸ் பக்கம் கடைசியாக வீசிய ராலி ஈஸ்ட்விக் ஒன்பதாவது, பத்தாவது இரண்டு இன்னிங்ஸிலும் எதிர்கொண்ட ஆறு பேரையும் வரிசையாக அனுப்பிவிட்டார். நாலு மணி நேரம் மூன்று நிமிடம் நீடித்து ஆட்டம் முடிந்தது.

கிங்மன் 3 ஹோமர், 6 ரன்னுக்குக் காரணம். பக்னர் 7 ரன்னுக்குக் காரணம். ஃபில்லீஸின் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையில் நிற்கும் ஃபீல்டர், லாரி போவா 5 ஹிட். இவ்வளவு செய்தும் கிங்மனும் பக்னரும் தோற்ற பக்கத்தில் நின்றார்கள்.

காற்று என்ன செய்தது

ரிக்லி ஃபீல்ட் மிச்சிகன் ஏரியிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ஹோம் பிளேட் மைதானத்தின் தென்மேற்கு மூலையில், பேட்டர் வடகிழக்கைப் பார்த்து அடிப்பார். ஆகவே காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது இங்கே ஆட்டத்தையே மாற்றிவிடும்.

1. ஏரியிலிருந்து குளிர்ந்த காற்று வீசினால் அது பேட்டரின் முகத்தில் அடிக்கும். சுவரைத் தாண்ட வேண்டிய பந்தும் மேலே நின்று, தளர்ந்து, சுவருக்கு முன்னால் நிற்கும் ஃபீல்டர் கையில் விழும். அப்படிப்பட்ட நாட்களில் 1-0, 2-1 என்று ஆட்டம் முடியும்.

2. தெற்கு, தென்மேற்கிலிருந்து வெப்பக் காற்று வந்தால் பேட்டரின் முதுகுக்குப் பின்னாலிருந்து சுவரை நோக்கி வீசும். வெப்பக் காற்றின் அடர்த்தியும் குறைவு, பந்துக்குத் தடை குறைவு. இரண்டும் ஒரே திசையில் வேலை செய்யும்.

அளவு எவ்வளவு என்றால், 400 அடி போகும் உயரமான அடிக்கு, மணிக்கு ஒரு மைல் வேகப் பின்காற்று ஏறக்குறைய மூன்று நான்கு அடி கூட்டும். 15 மைல் வேகம் என்றால் 45 முதல் 60 அடி. ரிக்லியின் இடது ஓரம் 355 அடி, வலது ஓரம் 353, நடுவில் 400, இடைப்பட்ட பகுதிகள் 368. நல்ல காற்றடிக்கிற நாளில், 330 அடியில் அலட்சியமாகப் பிடிபட வேண்டிய பந்து சுவருக்கு வெளியே வேவ்லேண்ட் சாலையில் போய் விழும். அந்தச் சாலையில் கையுறையோடு பந்துக்குக் காத்து நிற்பதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு, காற்று வெளியே வீசும் நாளில் அவர்களுக்குத் திருவிழா. 1979 மே 17 அப்படிப்பட்ட நாள்.

காற்று இன்னொன்றும் செய்கிறது, இது ஸ்கோர் அட்டையில் தெரியாது. பந்து பறக்கும் என்று பயந்த பிட்சர் உயரமாகப் போடாமல் கீழேயே போடப் பார்ப்பார், ஓரத்தில் போடப் பார்ப்பார். அப்படிப் பார்த்துப் பார்த்துப் போட்டால் எல்லை தவறும், வாக் கொடுக்க வேண்டிவரும். வாக் கொடுத்தால் பேஸ் நிரம்பும். நிரம்பிய பிறகு நடுவில் போட்டே ஆக வேண்டும், அப்போதுதான் அடி விழும். எட்டாவது இன்னிங்ஸில் ஹோமர் இல்லாமலே மூன்று ரன் வந்ததைச் சொன்னேனே, காற்று பந்தைத் தூக்கியதால் மட்டும் 45 வரவில்லை. தொடர்ந்து நான்கு மணி நேரம் பேஸில் ஆள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

இதற்கு நல்ல சாட்சி நாற்பது ஆண்டு கழித்துக் கிடைத்தது. 1979 ஆட்டத்தின் 11 ஹோமர் அன்றைக்குச் சாதனையைச் சமன் செய்தது. 2019 ஜூன் 10-இல் ஃபிலடெல்ஃபியாவில் அரிசோனா டைமண்ட்பேக்ஸ், ஃபில்லீஸ் இடையே நடந்த ஆட்டத்தில் 13 ஹோமர் வந்து புதிய சாதனை ஆனது. அந்த ஆட்டத்தின் ஸ்கோர் 13-8. மொத்தமே 21 ரன். இரண்டு ஹோமர் அதிகம், ரன் பாதிகூட இல்லை. பேஸ் காலியாக இருக்கும்போது அடித்தால் ஹோமருக்கு ஒரு ரன்தான், அவ்வளவு எளிய விஷயம்.

பிட்சர்கள் தீர்ந்துபோகிற விதம்

அன்று இரு அணியும் சேர்ந்து பயன்படுத்தியது 11 பிட்சர்கள், ஃபில்லீஸ் ஐந்து, கப்ஸ் ஆறு. அந்தக் காலத்து அணியில் மொத்தம் 25 பேர், அதில் பிட்சர்கள் பத்துப் பேர் இருந்தாலே அதிகம். அந்தப் பத்தில் நான்கைந்து பேர் ஆட்டத்தைத் தொடங்குவதற்கென்று முறை வைத்து ஓய்வில் இருப்பவர்கள், நேற்றோ முன்தினமோ நூறு பந்துக்கு மேல் வீசியவர்கள். மிச்சம் இருப்பது புல்பென்னில், அதாவது மாற்றுப் பிட்சர்கள் தயாராகும் இடத்தில், காத்திருக்கும் ஐந்தாறு பேர்.

தொடங்கிய பிட்சர் ஒரே அவுட்டோடு போய்விட்டால் இன்னும் 26 அவுட் எடுக்க வேண்டும், அந்த ஐந்தாறு பேரை வைத்து. இங்கே மேலாளருக்கு வருகிற சிக்கல் இதுதான்: நல்ல ஆளை இப்போதே இறக்கினால் கடைசியில் ஆள் இல்லை. சுமாரான ஆளை இறக்கினால் கடைசிவரை ஆட்டம் தாங்காது. போன ஆள் திரும்பி வர முடியாது என்ற விதி இந்தச் சிக்கலை இறுக்கிவிடுகிறது. அதனால் அடிவாங்குகிற பிட்சரை "இன்னும் இரண்டு அவுட் எடுத்துவிடு" என்று விட்டுவைப்பார்கள். 21-9 முன்னிலையில் இருந்த ஃபில்லீஸுக்கு அவசரமே இல்லை, மெக்ராவை விட்டுவைத்தார்கள், ஏழு ரன் போய்விட்டது. கப்ஸ் சட்டரை ஒன்பதாவதுவரை பத்திரப்படுத்தி வைத்ததும் இதே கணக்கில்தான். தோற்றுக்கொண்டிருக்கிற ஆட்டத்தில் சிறந்த ஆளைச் செலவழித்துவிட்டு, நாளைக்கு ஜெயிக்கிற ஆட்டத்தில் கையை விரிப்பார்களா?

இப்படி அடிவாங்கிய பிட்சரின் புள்ளிவிவரம் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடலாம். பிட்சரை அளக்கிற எண் ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுக்கும் ரன் விகிதம், பிழையால் வந்த ரன்களைக் கழித்துவிட்டு. ஒரே ஒரு அவுட் எடுத்து 5 ரன் கொடுத்தால் அன்றைய ஈஆர்ஏ 135.00. நல்ல பிட்சருக்கு 3-ஐ ஒட்டி இருக்க வேண்டிய எண். இந்த ஒரு மதியத்தின் கறையைக் கழுவ ஒரு பிட்சர் வாரக்கணக்கில் நன்றாக வீச வேண்டும்.

பன்னிரண்டு ரன் முன்னிலை ஏன் போதவில்லை

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் தடுமாறுகிற இடம் இது. ஒருநாள் ஆட்டத்தில் கடைசி ஓவரில் 40 ரன் வேண்டும் என்றால் ஆட்டம் நடைமுறையில் முடிந்தது, ஏனென்றால் ஆறு பந்துதான் இருக்கிறது. பேஸ்பாலில் அந்தக் கதவு சாத்துவதே இல்லை. கடைசி இன்னிங்ஸில், கடைசி அவுட்டுக்கு முன், இருபது ரன் பின்தங்கியிருந்தாலும் அந்த ஒரு அவுட் விழாமல் பார்த்துக்கொண்டால் இருபதும் எடுக்க விதி இடம் கொடுக்கிறது. நடப்பது அரிது, ஆனால் முன்னிலையில் இருக்கிற அணி நேரத்தைக் கடத்தி ஜெயிக்க வழியே இல்லை, 27 அவுட்டையும் எடுத்தே ஆக வேண்டும். பேஸ்பாலின் அழகே இதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இந்த இரண்டு அணிகளே இதற்கு மூன்று சாட்சி வைத்திருக்கின்றன.

1. 1922 ஆகஸ்ட் 25. இதே மைதானம், அப்போது பெயர் கப்ஸ் பார்க். கப்ஸ் இரண்டாவது இன்னிங்ஸில் 10, நான்காவதில் 14 ரன். நான்கு இன்னிங்ஸ் முடிவில் 25-6. பிறகு ஃபில்லீஸ் எட்டாவதில் 8, ஒன்பதாவதில் 6 எடுத்து 26-23 வரை வந்துவிட்டது. கடைசி அவுட் விழுந்தபோது மூன்று பேஸிலும் ஃபில்லீஸ் ஆட்கள். அந்தப் பந்து கிராண்ட் ஸ்லாமாகப் போயிருந்தால் 27-26. மொத்தம் 49 ரன், இன்றுவரை சாதனை.

2. 1976 ஏப்ரல் 17. மறுபடியும் ரிக்லி. கப்ஸ் 13-2 முன்னிலை. ஷ்மிட் அடுத்தடுத்த நான்கு வாய்ப்பில் நான்கு ஹோமர், முதல் இரண்டு ரிக் ரூஷெல் பந்தில், நான்காவது பத்தாவது இன்னிங்ஸில் அவருடைய அண்ணன் பால் ரூஷெல் பந்தில். ஃபில்லீஸ் 18-16.

3. 1979. இந்தமுறை துரத்தியது கப்ஸ். முடித்தது அதே ஷ்மிட், அதே பத்தாவது இன்னிங்ஸ்.

இந்த இரு அணிகளுக்குள் ஏதோ விசேஷம் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே பிரிவில் இருந்த அணிகள் ஒரு பருவத்தில் பதினெட்டு முறை மோதின, அதில் பாதி ரிக்லியில், விளக்கு இல்லாததால் எல்லாமே பகலில். காற்று வெளியே வீசும் மதியங்களில் கப்ஸுக்கு எதிரே யாராவது நின்றாக வேண்டுமே. காற்று இரு அணிக்கும் ஒன்றுதான் என்பதால்தான் முன்னிலை நிற்காமல் கரைகிறது. முதலில் ஒருவருக்குக் கொடுத்ததை அதே காற்று பிறகு மற்றவருக்கும் கொடுக்கும்.

இன்று நடக்குமா?

நடக்கத் தடை இல்லை, ஆனால் வழி கொஞ்சம் மாறியிருக்கிறது. இன்று அணியில் 26 பேர், பிட்சர்கள் 13 பேர்வரை. மாற்ற ஆள் அதிகம். 2020-இலிருந்து, இறங்கிய பிட்சர் குறைந்தது மூன்று பேட்டரையாவது சந்திக்க வேண்டும் அல்லது அந்தப் பாதி இன்னிங்ஸ் முடியவேண்டும். எட்டு ரன் அல்லது அதற்கு மேல் பின்தங்கினால், பிட்சரே அல்லாத ஒருவரைப் பந்து வீச இறக்கலாம், பிட்சர்களின் கையைக் காப்பாற்ற அப்படிச் செய்வார்கள். 21-9 என்ற நிலையில் இன்றைய கப்ஸ் ஒருவேளை ஆட்டத்தைக் கைகழுவி, பின்கள ஆள் யாரையாவது வீசச் சொல்லியிருக்கும். அப்படியென்றால் ஃபில்லீஸ் முப்பதைத் தொட்டிருக்கலாம், ஆனால் 23-22 வந்திருக்காது. அன்றைய ஸ்கோர் இவ்வளவு நெருக்கமாக முடிந்ததற்கு, பன்னிரண்டு ரன் பின்னால் இருந்தபோதும் கப்ஸ் ஒழுங்கான பிட்சர்களையே அனுப்பிக்கொண்டிருந்தது முக்கியக் காரணம்.

பத்தாவது இன்னிங்ஸும் இன்று வேறு மாதிரி. கூடுதல் இன்னிங்ஸ் இரண்டாம் பேஸில் ஒரு ஆளை நிறுத்தித்தான் தொடங்குகிறது. ஷ்மிட் அடித்ததற்கு இரண்டு ரன் வந்திருக்கலாம், கப்ஸுக்கும் ஒரு ஆள் இலவசமாக நின்றிருப்பார்.

ரிக்லியில் 1988 ஆகஸ்ட் 8 அன்று முதல்முறையாக விளக்கு போட்டார்கள். எதிரே வந்திருந்த அணி ஃபில்லீஸ். நான்காவது இன்னிங்ஸ் முடிவதற்குள் மழை வந்து ஆட்டம் நின்றுபோனது.

அந்த 45 ரன்னால் என்ன கிடைத்தது

புள்ளிப் பட்டியலில் 23-22-க்கும் 1-0-க்கும் வித்தியாசம் கிடையாது, ஒரு வெற்றி, ஒரு தோல்வி. 162 ஆட்டத்தில் ஒன்று. அந்தப் பருவத்தை ஃபில்லீஸ் 84-78 என்று நான்காவது இடத்திலும், கப்ஸ் 80-82 என்று ஐந்தாவது இடத்திலும் முடித்தன. கிங்மன் 48 ஹோமரோடு லீக்கில் முதலிடம், ஷ்மிட் 45. சட்டர் சை யங் விருது வாங்கினார்.

மெக்ராவுக்கு அடுத்த ஆண்டு இன்னொரு நாள் வந்தது. 1980 அக்டோபர் 21, மேஜர் லீக் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், ஃபிலடெல்ஃபியா, எதிரே கன்சாஸ் சிட்டி ராயல்ஸ். ஒன்பதாவது இன்னிங்ஸ், பந்து மெக்ரா கையில், மூன்று பேஸும் நிறைந்திருக்கிறது. வில்லி வில்சனை அவர் ஸ்ட்ரைக் அவுட் செய்தார், ஃபில்லீஸின் வரலாற்றில் முதல் உலகத் தொடர் கோப்பை.